அந்நியனுக்கு ஏன் அபிப்பிராயம்?

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிற்றாம்" என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிழைக்க வந்த இடத்தில் வாய் திறந்து நியாயம் பேசுகிறவனை இதைவிடச் சுருக்கமாகவும், இதைவிடக் கொடூரமாகவும் ஏசிவிட முடியாது. வேறு மொழிக்காரரும் வேறு சொற்களில் இதையே சொல்கிறார்கள். ஒரு நாட்டில் வந்து குடியிருப்பவன் அந்நாட்டு அரசாங்கத்தைப் பற்றியோ, கூலி விகிதத்தைப் பற்றியோ, அன்றைய பத்திரிகையில் வந்த ஒரு செய்தியைப் பற்றியோ ஓர் அபிப்பிராயம் சொல்லட்டும். அவன் சொன்னது மெய்யா பொய்யா என்று ஆராய முன்வருகிறவர் மிகச் சிலரே. "சொல்வதற்கு நீ யார்?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. "பிடிக்காவிட்டால் உன் ஊருக்குப் போ" என்ற கட்டளை அதன் பின்னாலேயே வருகிறது.

இக்கேள்வியில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதாகவே நம்மிற் பலரும் நம்புகிறோம். முற்போக்காளர் என்று நம்மை அழைத்துக் கொள்பவர்களும் இதற்கு விலக்கல்லர். அந்த நியாயத்தைச் சற்றே தோண்டிப் பார்த்தால் அது ஒரு விருந்தாளியின் உவமையின்மேல் நிற்பது தெரியவரும். விருந்துக்கு வந்தவன் கறியில் உப்பில்லை என்று சொல்வது பண்பாடன்று. வீட்டுக்காரியின் மனம் நோகும். மெய்தான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் நான்காம் நாள் அவன் என்ன ஆகிறான்? அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்து, அந்த வீட்டு அடுப்புக்கு விறகு பிளந்து, அந்த வீட்டு வயலில் இறங்கி முப்பது வருஷம் உழைத்து, பின்கட்டில் பிள்ளைகளையும் பெற்று வளர்த்தவனை இன்னும் விருந்தாளி என்றே அழைத்துக்கொண்டிருந்தால், அந்த அழைப்பில் இருப்பது மரியாதையா, தந்திரமா? விருந்தாளி என்ற பெயர் அவனுக்கு இலையில் ஒரு பிடி சோறும் கூடுதலாகத் தருவதில்லை. உப்பில்லை என்று சொல்லும் உரிமையை மட்டும் பறித்துக்கொள்கிறது.

இதை ஆராயப் புகுகிறவனுக்குச் சப்ரகமுவ மாகாணம் நல்லதொரு பள்ளிக்கூடம். இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த அம்மாகாணத்தில், எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்லை, இறக்குவானை, பலாங்கொடை என்று எந்தப் பக்கம் போனாலும் மலைச்சரிவில் தேயிலையும் தாழ்ந்த நிலத்தில் இறப்பரும் நிற்கின்றன. ஆனால் நுவரெலியாப் பக்கத்தைப் போலக் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தோட்டமாக அது விரிந்து கிடப்பதில்லை. தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே சிங்களக் கிராமம். கிராமத்தின் காலடியில் வயல். ஓடையின் இக்கரையில் லயம், அக்கரையில் குடியானவன் வீடு. இருட்டோடு எழுந்து பால்வெட்டப் போகிற தமிழ்த் தொழிலாளி வழியில் முதலில் காண்பது தன் நிலத்துக்குப் போகும் சிங்கள விவசாயியைத்தான். ஆகவே, "நீ யார்?" என்ற கேள்வி இங்கே சட்டப் புத்தகத்தில் உறங்கும் கேள்வியன்று, சந்தையிலும் பஸ்ஸிலும் கசிப்புக் கடை வாசலிலும் விழித்திருக்கும் கேள்வி.

எனினும் கதையை மாகாணத்துக்குச் சற்று வெளியே, கண்டிச் சீமையிலிருக்கும் மடுல்கலையில் தொடங்கவேண்டியிருக்கிறது. 1936ஆம் ஆண்டில் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞர் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தார். லண்டனில் பிறந்து, தாயுடன் ஆஸ்திரேலியாவில் குடியேறி, அங்கே இளங் கம்யூனிஸ்டுகளின் கழகத்தில் சேர்ந்தவர் அவர். மடுல்கலையிலுள்ள ரெலுகாஸ் தேயிலைத் தோட்டத்தில் துரைத்தொழில் பழகுவதற்காக அமர்த்தப்பட்டார். துரைத்தொழில் பழகுவதென்றால் கொழுந்தின் தரம் அறிவது மாத்திரமன்று. தொழிலாளியை எவ்வளவு தூரத்தில் நிறுத்திப் பேசவேண்டும் என்று அறிவதுந்தான். முதற் பாடத்தில் அவர் தேறினாரோ இல்லையோ, இரண்டாவது பாடத்தில் தேறவில்லை. தொழிலாளர் பக்கம் நின்றார், வேலை போயிற்று. கப்பலேறித் திரும்பிவிடுவார் என்று எதிர்பார்த்த துரைமாருக்கு ஏமாற்றம். அவர் நேரே போய் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

அக்கட்சிக்கு அப்போது வயது இரண்டு நிரம்பவில்லை. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளை நோய் இலங்கையைச் சூறையாடியபோது மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களுள் கேகாலைச் சீமை ஒன்று. மருந்தும் பருப்பும் எடுத்துக்கொண்டு அந்தக் கிராமங்களுக்குள் நடந்த இளைஞர்கள் தொடங்கிய கட்சி அது. 1936 தேர்தலில் ருவன்வெல்லையிலிருந்து என்.எம். பெரேராவையும், அடுத்திருந்த அவிசாவளையிலிருந்து பிலிப் குணவர்த்தனவையும் மக்கள் அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம்.

1937 ஏப்ரல் 3ஆம் தேதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய அங்கே பேசினார். அதே மேடையில் பிரேஸ்கேர்டிலும் எழுந்து, தோட்டத்துரைமார் தொழிற் சட்டங்களை எப்படியெல்லாம் மீறுகிறார்கள் என்று உள்ளே இருந்து கண்டவன் என்ற முறையில் எடுத்துச் சொன்னார். வாக்கியத்துக்கு வாக்கியம் தொழிலாளர்கள் "சாமி, சாமி" என்று குரலெழுப்பினார்கள் என்று அக்கூட்டத்தைப் பற்றிய அக்காலக் குறிப்பொன்று கூறுகிறது. துரைமாரின் கலக்கம் தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸின் காதுக்கு எட்டியது. ஏப்ரல் 22இல் பிரேஸ்கேர்டிலின் கையில் நாடுகடத்தற் கட்டளை கொடுக்கப்பட்டது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கப்பலேற வேண்டும்!

அவர் ஏறவில்லை, தோழர்கள் அவரை மறைத்து வைத்தார்கள். மே தின ஊர்வலத்தில், பிரேஸ்கேர்டில் வேண்டும், ஸ்டப்ஸை நாடுகடத்து என்ற அட்டைகள் உயர்ந்தன. தேசாதிபதி அமைச்சரைக் கலந்து கொள்ளாமல் நடந்ததைக் கண்டித்து அரசாங்க சபை 34க்கு 7 என்ற வாக்குக் கணக்கில் தீர்மானம் நிறைவேற்றியது. காலிமுகத் திடலில் 50,000 பேர் கூடினர் என்று மதிப்பிடப்பட்ட கூட்டத்தில், பொலீசார் வலைவீசித் தேடிக்கொண்டிருந்த மனிதர் மேடையில் தோன்றிப் பேசினார். பின்னர் அவர் கைதானபோது வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. எச்.வி. பெரேரா வாதாடினார். நெருக்கடி காலத்துக்கென்று 1896இல் பிறந்த ஓர் ஆணையைப் பேச்சுச் சுதந்திரத்தைப் பிரயோகித்த ஒருவர் மீது அமைதிக் காலத்தில் ஏவ முடியாது என்று பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸும் அவருடன் அமர்ந்தவர்களும் மே 18இல் தீர்ப்பளித்தனர். பிரேஸ்கேர்டில் விடுதலையானார்.

இந்த வெற்றி இன்றும் நம் நெஞ்சை நிமிர்த்துகிறது. நிமிரட்டும். ஆனால் அந்த "சாமி, சாமி" என்ற குரல் என்னை விட்டபாடில்லை. பிரேஸ்கேர்டில் சொன்ன செய்தியில் அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரியாதது எது? குறைத்த கூலியை வாங்கியது அவர்கள் கை. பிரட்டுக்களத்தில் பெயர் வெட்டப்பட்டது அவர்களுக்கு. லயத்தின் எட்டுக்குப் பத்து அறையில் புகை குடித்து இருமியது அவர்கள் பிள்ளைகள். அவர்கள் இதையெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளும் கங்காணியிடமும் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னபோது அது முணுமுணுப்பு. கணக்கப்பிள்ளையின் அதட்டலோடு அடங்கிப்போகும் சத்தம். அதையே ஒரு வெள்ளைக்காரர் சொன்னவுடன் அது அபிப்பிராயமாகிவிட்டது. அரசாங்கத்தையே நடுங்க வைக்கும் அபிப்பிராயம். தேசாதிபதி அதை அச்சத்தோடு கேட்டார், தொழிலாளர் அதைப் பக்தியோடு கேட்டார்கள். இரு சாராருமே அதைத் தொழிலாளரின் சொல்லாகக் கேட்கவில்லை. அந்த நல்ல மனிதர்மேல் இதில் யாதொரு குற்றமுமில்லை. அவர் அதே 1937இல் நாட்டைவிட்டுத் தம் விருப்பத்தோடு போனார். நெடுங்காலம் வாழ்ந்து 1999இல் மறைந்தார். "சாமி" என்று கூவியவர்கள் மலையிலேயே இருந்தார்கள்.

இதில் சட்டத்தின் வேடிக்கையையும் நாம் கவனிக்கவேண்டும். 1937இல் பிரேஸ்கேர்டிலும், நாவலப்பிட்டித் திடலில் அவர் காலடியில் அமர்ந்திருந்த தொழிலாளியும் சட்டப்படி ஒரே இனம்: இருவரும் பிரிட்டிஷ் முடியின் பிரஜைகள். ஒருவர் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மற்றவரின் பாட்டன் நடந்து வந்து காட்டை வெட்டியிருந்தான். அந்நியர் என்ற சொல்லை எவ்வளவு இழுத்தாலும் அன்றைய சட்டம் இருவரையும் அதற்குள் அடைத்திராது. அடைக்கும் வேலை, வெள்ளையன் போன பின், சுதந்திர இலங்கையில்தான் நடந்தது.

அதற்கொரு முன்னறிவிப்பு 1946இல் கேகாலை மாவட்டத்தில் கிடைத்தது. அங்கே நேவ்ஸ்மியர் என்ற தோட்டத்தை அரசாங்கம் கிராமக் குடியேற்றத்துக்கென எடுத்துக்கொண்டது. தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களை வெளியேறச் சொன்னது. அவர்கள் போக மறுத்தபோது அவர்கள்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டது. எந்தக் குற்றத்துக்கு என்று நினைக்கிறீர்கள்? அத்துமீறி நுழைந்த குற்றத்துக்கு! உள்ளே பிறந்தவன் எந்த வாசலால் அத்துமீறி நுழைந்தான் என்று கேட்பாரில்லை. நிலமற்ற சிங்கள விவசாயிக்கு நிலம் வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சில்லை. அவனுடைய பாட்டன் விறகு பொறுக்கிய காட்டையும் மாடு மேய்த்த மேட்டையும், 1840இல் பிறந்த முடிக்குரிய நிலச் சட்டத்தின் துணையோடு கம்பனிகளுக்கு விற்றுத் தீர்த்தவன் வெள்ளையன். ஆனால் கம்பனி லண்டனில் இருந்தது. அதன் முகம் கிராமத்தானுக்குத் தெரியாது. தெரிந்த முகம் ஓடைக்கு அக்கரையிலுள்ள லயத்து முகம். கொள்ளைக்காரனைக் காணாதவன், கொள்ளையடித்த வீட்டில் கூலிக்கு அமர்த்தப்பட்டவனைக் கள்வன் என்று பிடித்துக்கொண்டான். "கள்ளத்தோணி" என்ற வசையின் பிறப்பு ரகசியம் இதுதான்.

1947இல் நடந்த பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. மற்றும் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குப் பலமாயின. அவர்கள் முதன்முறையாக ஒரு நாட்டளவில் அபிப்பிராயம் சொல்லியிருந்தார்கள். பதில் உடனே வந்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது என்றது. தந்தையும், அல்லது பாட்டனும் பூட்டனும், இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. மாட்சிமை தங்கிய மந்திரிமாரிலேயே எத்தனை பேர் தங்கள் பூட்டனின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் காட்டியிருப்பார்களோ! 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம், மணமானவர் ஏழு வருஷமும் மற்றவர் பத்து வருஷமும் இடைவிடாமல் இங்கே வசித்ததை நிரூபித்தால் பிரஜையாகப் பதியலாம் என்றது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜையல்லாதவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. தேறியவர்கள் 1,34,000 பேரளவில்தான். எழுதப் படிக்கத் தெரியாதபடி ஒரு மக்களை நூறு வருஷம் வைத்திருந்துவிட்டு, எழுத்து மூலம் நிரூபி என்று கேட்பது எந்த ஊர் நீதி?

சப்ரகமுவ மண்ணிலிருந்தே இதற்கு ஒருவர் மறுப்புச் சொன்னார். கோடகன் பிள்ளை என்ற இந்தியத் தமிழர், ருவன்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு விண்ணப்பித்தார். ஆம், 1936இல் என்.எம். பெரேராவை அனுப்பிய அதே ருவன்வெல்லை. இலங்கைப் பிரஜையல்ல என்று பதிவதிகாரி மறுத்தார். மேல் விசாரணை செய்த அதிகாரி, எந்தச் சமூகத்துக்கும் பிறருக்கில்லாத தடையை விதிக்கலாகாது என்று அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்வதைக் காட்டி, அந்தச் சட்டங்கள் செல்லா என்று துணிந்து முடிவு கூறினார். அந்த முடிவை 1951இல் உயர் நீதிமன்றம் தள்ளியது. வழக்கு லண்டனுக்குப் போயிற்று. 1953இல் பிரிவிக் கவுன்சிலும் தள்ளிவிட்டது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான காரியம் என்றது. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம் அவர்களுடைய பிரஜைத் தகுதியை எடைபோடுவதற்குப் பொருத்தமான விஷயந்தான் என்றும் கூறியது.

இடம்பெயரும் பழக்கம்! இச்சொற்றொடரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் ஒப்பந்தத்தாலும் கடனாலும் துண்டுச் சீட்டாலும் கட்டிப் போடப்பட்டவர்கள் அவர்கள். கங்காணியின் கணக்குத் தீராமல் பக்கத்துத் தோட்டத்துக்குக்கூடப் போக முடியாதிருந்தவர்கள். தாயின் சாவுக்கோ, குலதெய்வத்தின் பொங்கலுக்கோ கடல் கடந்து போய்வந்ததை அலைந்து திரியும் பழக்கம் என்று எழுதிய நீதிபதிகள், லண்டனில் பிறந்து சிட்னிக்கும் கொழும்புக்கும் மறுபடி லண்டனுக்கும் போய்வந்த தம் இனத்தவரைப் பற்றி அப்படி எழுதியதுண்டா? துரையின் பயணத்துக்குத் தொழில் என்று பெயர். தொழிலாளியின் பயணத்துக்குப் பழக்கம் என்று பெயர்.

இலங்கையின் குறுகிய இனவாதத்துக்கு மட்டும் உரிய நோய் இது என்று நினைத்து நாம் ஆறுதலடைய வழியில்லை. கடல் கடந்த ஜப்பானைப் பார்ப்போம். கோடகன் பிள்ளையின் மனுவை உயர் நீதிமன்றம் தள்ளிய அதே 1951இல், சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானுடன் சமாதான உடன்படிக்கை செய்யும் மகாநாடு கூடியது. இலங்கையின் நிதி மந்திரி ஜே.ஆர். ஜயவர்த்தன அங்கே எழுந்து, பகையால் பகை தணியாது என்ற புத்தர் போதனையை நினைவூட்டி, இலங்கை ஜப்பானிடம் நஷ்டஈடு கேட்காது என்று அறிவித்தார். உலகம் கைதட்டியது, ஜப்பானியர் இன்றளவும் அதை நன்றியோடு நினைவுகூர்கின்றனர். அந்தப் பேச்சு அழகானது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் நேற்றுக் குண்டு வீசியவனுக்குக் கிடைத்த அந்தக் கருணை, நேற்றுவரை கொழுந்து பறித்துக் கஜானாவை நிரப்பியவளுக்குக் கிடைக்கவில்லை.

அந்த உடன்படிக்கை 1952 ஏப்ரல் 28இல் அமலுக்கு வந்த அன்றே ஜப்பானிலிருந்த கொரியர்கள் ஜப்பானியப் பிரஜாவுரிமையை இழந்தார்கள். அவர்கள் யார்? கொரியாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் ஜப்பானியச் சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பிழைக்க வந்தவர்கள்; இழுத்து வரப்பட்டவர்கள்; அவர்களுடைய பிள்ளைகள். யுத்தம் முடிந்தபின் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் அங்கேயே தங்கிவிட்டனர். அவர்களின் வாக்குரிமை 1945 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. முதலில் வாக்கு, பிறகு பிரஜாவுரிமை. இலங்கையில் முதலில் பிரஜாவுரிமை, பிறகு வாக்கு. படியிறக்கும் வரிசைதான் வேறு. பின்னர் அந்நியர் பதிவுக்காக அவர்களிடம் கைரேகையும் கேட்டார்கள். ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானிய மொழியைத் தவிர வேறு மொழி அறியாத பிள்ளைகளும் மையில் விரலைத் தோய்க்க வேண்டியதாயிற்று. 1980க்குப் பின் பலர் விரலைக் கொடுக்க மறுத்தார்கள், வழக்குகளைத் தாங்கினார்கள். ஒரு விரலைத் தர மறுப்பதும் அபிப்பிராயந்தான். வாக்குச்சீட்டு இல்லாதவன் சொல்லக்கூடிய அபிப்பிராயம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்களிடம் கைரேகை வாங்கும் முறையை 1992இல் சட்டத்தைத் திருத்தி ஜப்பான் கைவிட்டது.

ஜப்பானுக்கும் ஒரு பிரேஸ்கேர்டில் இருந்தார். 1969இல் ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற ரொனால்ட் மக்லீன் என்ற அமெரிக்கர் அவர். பிவா, கோத்தோ என்னும் ஜப்பானிய இசைக் கருவிகளையும் அங்கே பயின்றார். வியட்நாம் யுத்தத்தைக் கண்டித்து நடந்த ஊர்வலங்களிலும் கலந்துகொண்டார். யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. 1970இல் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்டபோது அரசாங்கம் மறுத்தது. வழக்கு 1978 அக்டோபர் 4இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அந்தத் தீர்ப்பின் சாதுரியம் வியக்கத்தக்கது. அரசியலமைப்புத் தரும் அடிப்படை உரிமைகள், இயல்பிலேயே பிரஜைக்கு மட்டும் உரியவை நீங்கலாக, அந்நியருக்கும் உண்டு; அரசியல் அபிப்பிராயம் சொல்லும் உரிமையும் பெரிதும் உண்டு. ஆனால் அவை அந்நியர் தங்கும் முறை என்ற வேலிக்குள்ளேதான். ஆகவே, அவர் பேசியது குற்றமாகாவிட்டாலும், பேசினார் என்பதை மனத்தில் கொண்டு அனுமதியை மறுப்பது மந்திரியின் விருப்பம்! நீ பேசலாம், பேசினால் வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்கிற இந்த உரிமையை எம் லயத்து மக்கள் நன்றாக அறிவார்கள். தோட்டத்தில் சங்கம் சேர உனக்கு உரிமை உண்டு. சேர்ந்தால் லயக் காம்பிராவைக் காலி செய் என்று துரைமார் அந்த நாளிலே சொன்னதும் இதைத்தான்.

இன்று இலங்கையர் பலர் ஜப்பானில் அந்நியராக வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவரான விஷ்மா சந்தமாலி என்ற இளம்பெண், 2017இல் மாணவியாகச் சென்றவர், தங்கும் அனுமதி முடிந்த நிலையில் 2020 ஆகஸ்டில் தடுத்து வைக்கப்பட்டு, 2021 மார்ச் 6இல் நகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் இறந்தார். வயது முப்பத்து மூன்று. உடல் நலிந்து பல நாட்கள் முறையிட்டவர் அவர். ஆம், முறையிட்டார், தன் உடம்பைப் பற்றிய தன் அபிப்பிராயத்தைச் சொன்னார். அந்நியரின் வாயிலிருந்து வந்த அந்த அபிப்பிராயம் பாசாங்காகவே எடைபோடப்பட்டது. அந்த மரணத்தின் பின் ஜப்பானியப் பிரஜைகள் பாராளுமன்றத்தின் முன் போய் உட்கார்ந்தார்கள். அப்போது விவாதத்திலிருந்த குடிவரவுத் திருத்த மசோதாவை அரசாங்கம் 2021 மேயில் கைவிட்டது. 2023 ஜூனில் அதையே சிறிது மாற்றி நிறைவேற்றியும்விட்டது. பிரச்சினை வேலைநிறுத்தத்துக்கும் சங்கத்துக்கும் மட்டும் உரியதன்று என்பதற்காக இதைச் சொன்னேன். "சொல்வதற்கு நீ யார்?" என்று கேட்டுப் பழகிய காது, "எனக்கு வலிக்கிறது" என்ற சொல்லையும் அதே கேள்வியால்தான் அளக்கும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அந்நியன் சொல்வதெல்லாம் கேட்கத்தக்கதா? முந்நூறு வருஷத்துக்கு மேலாக அந்நியர்கள் சொன்ன அபிப்பிராயங்களால் அல்லவா ஆசியா நாசமாயிற்று? கீழைத் தேசத்தவன் சோம்பேறி என்றும், கூலி கூடினால் குடித்துக் கெடுவான் என்றும் சொன்னவர்களும் இங்கே குடியிருந்த அந்நியர்தாமே? நியாயமான மறுப்பு. இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் 1854இலேயே தொடங்கிவிட்டது. சட்டநிரூபண சபையில் துரைமாருக்கென்று அங்கத்துவமும் இருந்தது. அந்தத் துரைமாரைப் பார்த்து, ஸ்கொத்லாந்திலிருந்து வந்த உனக்கு இந்நாட்டைப் பற்றி அபிப்பிராயம் எதற்கு என்று எந்தத் தேசாதிபதியும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமன்று, அவர்கள் அபிப்பிராயம் மறுவாரம் சட்டமாகி வந்தது. அப்படியானால் அந்நியம் என்பது ஒருபோதும் தடையாக இருந்ததில்லை; பணமும் தோலும் உள்ளவனுக்கு அது ஒரு விசேஷத் தகுதியாகக்கூட இருந்தது. அந்நியன் என்ற சொல் ஏழையைப் பார்த்தால்தான் சாட்டையாகிறது.

ஆகவே, அபிப்பிராயத்தை எடைபோட நாம் வேறு தராசு தேடவேண்டும். என் தராசு எளிமையானது. சொன்ன சொல்லின் விளைவு யார் முதுகில் விழும் என்று பார்ப்பேன். கூலியைக் குறை என்று சொன்ன துரையின் முதுகில் அது விழவில்லை; அந்த அபிப்பிராயத்தை நான் சந்தேகிப்பேன், அவர் சுதேசியாயிருந்தாலும். எட்டியாந்தோட்டைச் சரிவில் மழைநாளில் பால்வெட்டு நின்றால் அன்று அடுப்பெரியாதவனுக்கு, இறப்பர் விலையைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் பாராளுமன்றத்தைப் பற்றியும் உள்ள அபிப்பிராயம் அவன் தோலோடு ஒட்டியது. அவன் தவறாகவும் சொல்லக்கூடும். தவறு சொல்லும் உரிமை மந்திரிக்கு மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. இந்தத் தராசில் பிரேஸ்கேர்டில் எங்கே நிற்கிறார்? வேலையை இழந்தார், சிறையைக் கண்டார். ஆகவே அவர் சொல்லுக்கு எடை உண்டு. ஆனால் அவருக்குத் திரும்பிப் போக ஓர் உலகம் இருந்தது. எடையில் அந்த அளவு குறையத்தான் செய்யும். இதை அவரே ஏற்றுக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

இப்போது நம் சொந்த வீட்டுக்கு வருவோம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை லங்கா சமசமாஜத் தோழர்கள் எதிர்த்தார்கள், என்.எம். பெரேரா அதன் இனவாதத்தைப் பாராளுமன்றத்தில் கண்டித்துப் பேசினார். அந்தப் பெருமையை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. அவர் நிதி மந்திரியானார். அப்போது அவர் கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டையின் பிரதிநிதி. அதே ஆண்டு அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரை எண்ணிப் பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிஞ்சிய 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். தேயிலைப் பெட்டிகளைக் கப்பலுக்கு ஏற்றுமுன் இலக்கமிட்டுப் பிரிப்பது போலத்தான். பிரிக்கப்பட்டவர்களின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் தோழரை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னதற்காகத் தேசாதிபதியை நாடுகடத்து என்று அட்டை பிடித்த கட்சி, ஐந்தேகால் லட்சம் பேரை வெளியேற்றும் ஒப்பந்தம் எழுதப்பட்டபோது மந்திரி சபையில் உட்கார்ந்திருந்தது. காலிமுகத்தில் அன்று கூடிய ஐம்பதினாயிரம் பேரும் எங்கே போனார்கள்? சப்ரகமுவ இறப்பர்த் தோட்டங்களில் வாக்கில்லாத தமிழனைவிட வாக்குள்ள சிங்களக் குடியானவன் தேர்தல் கணக்குக்கு வேண்டியவனானான் என்ற கசப்பான விடையை நாம் மென்று விழுங்கத்தான் வேண்டும். எதிரியின் குற்றத்தைப் போல் இதை உரத்துச் சொல்ல நாவெழவில்லை. சொல்லாமல் விடவும் மனமில்லை.

அதன்பின் வந்தவை யாவரும் அறிந்தவை. 1977இலும், மறுபடி 1981 ஆகஸ்டிலும் வன்செயல் தோட்டங்களைத் தீண்டியது. 1981இல் இரத்தினபுரி மாவட்டத்தில், இறக்குவானை, காவத்தைப் பக்கங்களில், லயங்கள் எரிந்தன. மக்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தனர். பலர் வவுனியாப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். நாடற்றவராய் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 1988இல் ஒன்றும், 2003இல் ஒன்றும் வந்தன. கோடகன் பிள்ளை லண்டன் வரை போய்த் தோற்ற ஆண்டுக்கும் 2003க்கும் இடையே ஐம்பது வருஷம்.

ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் பங்கிடப்பட்டவர்கள் மலைநாட்டிலிருந்து கோச்சியேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். அழுகுரலோடு புறப்பட்டதால் அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. அவர்களுக்காக 1968இல் தொடங்கப்பட்ட தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் உள்ளன. அங்கே அவர்கள் சட்டப்படி இந்தியப் பிரஜைகள். கையில் கடவுச்சீட்டும் உண்டு, பின்னர் வாக்கும் உண்டு. பேசுவது தமிழ், கும்பிடுவது மாரியம்மன். ஆயினும் அந்த மலைகளில் அவர்களுக்கு வழங்கிய பெயர் சிலோன்காரன் என்பதுதான். கூலி போதாது என்றோ, கொடுத்த வீடு ஒழுகுகிறது என்றோ அவர்கள் வாய் திறந்தபோது, எட்டியாந்தோட்டையில் சிங்களத்தில் கேட்ட அதே கேள்வியைத் தங்கள் தாய்மொழியில், பிடாரிப் பழமொழியோடு கேட்டார்கள்.